கூலியில்லா ஓய்வு

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் சொகுசுக் கப்பல் உல்லாசப் பயணம் தொடங்கியது. பாட்டி முதல் பேரன்வரை மூன்று தலைமுறையும் அதில் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணலாம். பிழைப்புக்காகச் சிதறி வாழும் குடும்பங்களுக்கு இது பெரும் பேறு. வீண் ஆடம்பரமென இகழ நமக்கு மனமில்லை.

இதே கடலோரத்து மரக்காணம் உப்பளத் தொழிலாளர்க்கும் விடுமுறை உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழைநீர் பாத்திகளை மூடிவிடும். குடும்பம் முழுவதும் வீட்டிலிருக்கும், கூலி இராது. அம்மாதங்களுக்காக அரசு வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணமும் 2022இல்தான் தொடங்கியது.

அடிமையும் தலைவனைப் போலவே இளைப்பாற வேண்டுமென்பது இணைச்சட்ட நூலின் ஓய்வுநாள் கட்டளை. பட்டினியோடு வரும் ஓய்வை அது ஓய்வென்று ஏற்குமோ? இக்கேள்வி உப்பளத்தோடு நிற்பதன்று. குடும்பம் கப்பலேறும் நாட்களுக்கு, வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் இல்லங்கள் நம்மிடையே உண்டன்றோ?