தனித்திருத்தலும் தன்னைப் பேணுதலும்

உயிர் யாதொன்றையுஞ் சாராது தனித்து நிற்கும் இயல்பினதன்று. நூலானது தான் தோய்ந்த சாயத்தின் நிறத்தையே பெறுமாறு போல, உயிரும் தான் சார்ந்ததன் வண்ணமாயே நிற்கும் என்பது சித்தாந்த சைவத்தின் துணிபு. அங்ஙனமாயின், மக்கட் கூட்டத்தினின்று நீங்கி வீட்டினுள் அடங்கியிருக்க நேர்ந்த ஒருவனது உயிர் எதனைச் சார்ந்து நிற்கும்? அந்நிலையில் உடம்பையும் உள்ளத்தையும் பேணிக்கொள்ளுதல் யான் எனதென்னும் பற்றின்பாற் படுமோ, அறத்தின்பாற் படுமோ? இவ்விரு வினாக்களும் ஈண்டு ஆராயத்தக்கன.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிக் கொரோனாத் தொற்று நோயின் பொருட்டு நாடெங்கும் 21 நாள் ஊரடங்கு விதிக்கப்பெற்றுப் பின்னரும் நீட்டிக்கப்பெற்றது. சேலம் சுகவனேசுவரர் கோயில், தாரமங்கலம் கயிலாசநாதர் கோயில், திருச்செங்கோட்டு மலைக்கோயில் ஆகியவற்றுள் அடியார் சென்று வழிபடுதற்கு இயலாதாயிற்று. தமிழ்நாட்டுப் பெருங்கோயில்கள் அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாளிலேதான் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பெற்றன. தறியோசை ஓய்ந்தது, கொலுசுப் பட்டறைகள் அடைபட்டன. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நிலை மறுபடியும் நேர்ந்தது.

‘நோய் வினைப்பயனாக வருவது, ஒதுங்கியிருத்தலும் உடம்பைப் பேணுதலும் அதனை எங்ஙனம் தடுக்கும்?’ எனின், அதற்கு விடை அக்கொங்கு நாட்டிலேயே உளது. திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூர் என்னும் திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்த காலத்து, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அது அந்நிலத்தின் இயல்பென்று கருதி அவர் வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளிப் பிணியை நீக்கினார். வினையின் வழிப்பட்டது இதுவென்று கூறிக்கொண்டு, உய்யும் வழியை நாடாதிருத்தல் குற்றமென்பதே அப்பதிகத் தொடக்கத்தின் கருத்து. ஆகலின் வினைக்கொள்கை சோம்புதற்குக் காரணமாகாது, முயற்சிக்கே காரணமாகும்.

‘அழியும் உடம்பைப் பேணுதல் பற்றன்றோ?’ எனின், அற்றன்று. உடம்பை முன்னர் இழிவெனக் கருதிய திருமூலர், அதனுள் இறைவன் கோயில் கொண்டமை கண்டபின் அதனைப் பேணலாயினார். கோயிலுக்கு அலகிடுதல் திருத்தொண்டாயின், காலத்தில் உண்ணலும் நீராடலும் உறங்கலும் அத்தொண்டின் பாற்படும். இன்பத்தின் பொருட்டுப் பேணுதல் பற்று. வழிபாட்டின் பொருட்டுப் பேணுதல் அறம். செயல் ஒன்றே, கருத்தே வேறு.

இனி, சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியாரோடு கூடுதலையும் ஆலயம் தொழுதலையும் விதிக்கின்றது. இவ்விரண்டும் வாயாதபோது சைவன் யாது செய்வான்? பூசலார் நாயனார் கைப்பொருள் வாயாமையால் திருநின்றவூரில் மனத்தினாலேயே கோயில் எடுத்தார். அவர் வெறிதே எண்ணமிட்டிருந்தாரல்லர். நன்னாள் கொண்டு அடிநிலை இட்டு, ஒவ்வோர் உறுப்பாக அமைத்து, கிணறும் மதிலுங்கூட வகுத்து, ஒழுங்குபட முடித்தார். அவ்வொழுங்கே ஈண்டுக் கருதத்தக்கது. வீட்டினுள் இருப்பவனுக்குப் பகலும் இரவும் ஒன்றாய்க் கலந்துபோதலே முதற் கேடு. வைகறைத் துயிலெழுதல், நீறு பூசி ஐந்தெழுத்து ஓதல், திருமுறை பயிலல், கைத்தொழில் ஒன்று செய்தல், மாலையில் சிறிது உலாவுதல் எனப் பொழுதை வகுத்துக்கொண்டவன் மனம் சிதறான். நாழிகைதோறும் நோய்ச் செய்தியே கேட்டிருப்பவன் அச்சத்தைச் சார்ந்து அச்சத்தின் வண்ணமாவான். நீற்றறையுள் ஏழு நாள் அடைபட்டிருந்த நாவுக்கரசர்க்கு அவ்வறை குளிர்ந்தது அவர் சார்ந்த திருவடியாலன்றோ!

ஆயினும் இவ்வறிவுரை எல்லார்க்கும் ஒருபடித்தாகச் சொல்லத்தக்கதன்று. தறி நின்று அடுப்பெரியாத இல்லத்தாரிடம் தியானம் உபதேசித்தல் கொடுமை. அவர்க்கு அரிசி கொண்டு கொடுத்தலே சிவபூசை. மக்கள் வெளியூரிலிருக்கத் தனித்து வாழும் முதியோரை வாயிலில் நின்றேனும் நாள்தோறும் நலம் வினவுதல் அடியார் கூட்டத்தின் ஒரு கூறேயாம். உள்ளம் தளர்ந்து, உணவும் உறக்கமும் நீங்கி, வாழ்வில் வெறுப்புற்றார்க்கு மருத்துவனை நாடுதல் இழுக்காகாது. உய்யும் வழியை நாடுக என்ற சம்பந்தர் கருத்துக்கு அதுவும் உடன்பாடே. தன்னைப் பேணுவான் அயலாரையும் பேணுதற்குரியனாகின்றான்; அயலாரை மறந்தவன் தன்னைப் பேணியது வெறும் பற்றாய் முடியும்.

திருச்செங்கோட்டு இறைவன் மாதொருபாகனாய் விளங்குகின்றான். அவன் தன் அருளாகிய சத்தியைப் பிரிந்து நிற்கும் பொழுது என்றும் இல்லை. அவ்வருளின் நீங்கி நிற்கும் உயிரும் இல்லை. தனிமை என்பது உடம்புகளின் இடையீடேயன்றி உயிர்க்கு உண்மையில் நேர்வதன்று. இவ்வுண்மை தெளிந்தான் அடைத்த கதவினுள்ளும் துணையுடையனாவான். தெளியாதான் திருவிழாக் கூட்டத்திடையேயும் தனியனாவான்.

திருச்சிற்றம்பலம்.