கோட்டம்

சைக்கிள் சக்கரம் கோட்டமின்றிச் சுழன்றால் வேலை முடிந்ததென்றே நாம் எண்ணுகிறோம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த ஒரு சைக்கிள் கடையில் நான் கண்டது வேறு. ஓர் இளைஞன், தான் முதன்முதலாகக் கம்பி கோத்த முன்சக்கரத்தைச் சுழற்றினான். ரிம் சிறிதும் ஆடவில்லை. ஆயினும் ஸ்போக் கம்பிகளை விரலால் அழுத்திப் பார்த்தவன், எல்லாவற்றையும் தளர்த்தத் தொடங்கினான். சில விறைத்தும் சில தொய்ந்தும், ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கி நின்றிருந்தன. அத்தகைய சக்கரமும் ஓடும். நாளடைவில் தொய்ந்தவை மேலும் தளர்ந்து கோட்டம் திரும்பிவிடும்.

பிறர் காணாத குறைக்காக, முடித்த வேலையை அவிழ்க்கத்தான் வேண்டுமா?

1960-களில் ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் சென்ற தும்பா இந்நகரின் கடற்கரையே. இங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து வங்கக்கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த அமிலக் கசிவே காரணமெனக் கண்டு திருத்தினர். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அரிய சாதனைதான். ஆனால் அங்கே குறையை மறைக்க வழியிருக்கவில்லை. வீழ்ச்சியே திருத்தச் சொல்லிற்று. இளைஞனுக்கோ அவ்வாறு சொல்ல எவருமில்லை. கடைக்காரர்கூடப் போதுமென்றார். இவன் நிலையே கடினமானது என்பேன்.

மாலையில் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டினான். ஒரே சுருதியில் ஒலித்தன. ஒன்று மட்டும் சற்றுத் தாழ்ந்தது. மீண்டும் குனிந்தான்.