ஒப்புக்கொண்டால் போதுமா?

"அவங்களே சரின்னு சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" குறைந்த கூலிக்கு ஒருவரிடம் வேலை வாங்கும்போது நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. இரண்டு பேர் பேசி ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டால், அந்த விலை நியாயமானதாகிவிடுமா? பெரிய தொழிற்சாலைகளை வைத்து இதைப் பேசுவது எளிது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றை வைத்துப் பேசலாம்: தமிழ்ப் புத்தகத்தின் அட்டைப்படம்.

படிப்பு முடிந்து சுயமாக வடிவமைப்பு வேலையைத் தொடங்குபவருக்கு முதலில் வருவது பெரும்பாலும் தெரிந்தவர்களின் வேலைதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா பதாகை, சங்கத்தின் லோகோ, புத்தக அட்டை. பேச்சு முழுக்கப் புலனத்தில் நடக்கும். ஒப்பந்தம் என்று எதுவும் இருக்காது. "நம்ம ஆளுதானே, பார்த்துச் செஞ்சு குடுங்க தம்பி. உங்க பேரும் நாலு பேருக்குத் தெரியும்."

என் நண்பன் ஓர் அட்டைக்கு 150 வெள்ளி பேசினான். மூன்று மாதிரிகள் கேட்டார்கள். பிறகு எழுத்துரு மாற்றம், நிற மாற்றம், பின்னட்டைக் குறிப்பில் திருத்தம். கடைசி நேரத்தில் பக்கங்கள் கூடியதால் புத்தக முதுகின் அகலம் மாறி, அட்டை முழுவதையும் மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் 30 மணி நேரம். மணிக்கு 5 வெள்ளி. அதிலும் கணினி, மென்பொருள் சந்தா, மின்சாரம் எல்லாம் அவன் செலவு.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். வாரம் 45 மணி நேரம் என்று கணக்குப் போட்டாலும் மணிக்கு 8 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. ஆனால் அது தொழிலாளிக்கு. சுயமாக வேலை செய்பவனுக்கு அந்தக் கோடே கிடையாது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கட்டுமானத் துறைக்கு வந்த எனக்கு முதல் மாதமே சேமநிதியும் சொக்சோவும் தானாக வந்தன. அவன் என்னைவிடக் குறைவாக உழைக்கவில்லை.

என் துறையிலிருந்தே ஓர் உதாரணம். மேலே இருப்பவரிடமிருந்து தனக்குப் பணம் வந்தால்தான் துணைக் குத்தகையாளருக்குத் தருவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இங்கே வழக்கமாக இருந்தது. கட்டுமானத் துறைக் கட்டணங்களுக்காக 2012இல் இயற்றப்பட்டு 2014இல் நடப்புக்கு வந்த சட்டம், அந்த நிபந்தனை செல்லாது என்றது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. ஏன்? கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு வேலையே கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வாங்கிய சம்மதத்தை வைத்து மட்டும் நியாயத்தை முடிவு செய்ய முடியாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது.

வடிவமைப்பாளருக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், பணித்துச் செய்யப்பட்ட படைப்பின் உரிமை பணித்தவருக்கே போகிறது. பணம் வரவில்லையென்றால் 5,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். ஆனால் அடுத்த வேலையையும் சிபாரிசு செய்யப்போகும் பெரியவர் மீது யார் வழக்குப் போடுவார்?

"தமிழ்ப் புத்தகம் போட்டு யார் சம்பாதித்தார்கள்? எழுத்தாளரே கைக்காசைப் போடுகிறார்" என்பது உண்மையான பதில்தான். சில நூறு பிரதிகள் அச்சிட்டுப் பாதியை இலவசமாகக் கொடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதே எழுத்தாளர் அச்சகத்துக்கு முழுப் பணம் கட்டுகிறார். 'உங்க அச்சகத்துக்குப் பேர் வரும்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அச்சகக்காரர் பணம் வரும்வரை பெட்டிகளைத் தராமல் நிறுத்தி வைக்கலாம். வடிவமைப்பாளரோ கோப்பை ஏற்கெனவே அனுப்பிவிட்டார். அச்சிடுவதைவிட வரைவது மலிவு என்று யாரும் யோசித்து முடிவெடுக்கவில்லை. யாரால் பிடித்து வைக்க முடியாதோ, அவர் கூலியில் கைவைக்கிறோம். அதற்கு மொழிப்பற்று என்று பெயரும் வைக்கிறோம்.

நட்புக்காக இலவசமாகச் செய்வது தப்பில்லை. ஆனால் முடியாது என்று சொல்ல இடம் இருந்தால்தான் அது நன்கொடை. அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியது கேட்பவர். "என்னிடம் 150 வெள்ளிதான் இருக்கு. அதுக்கு ஒரு மாதிரி, ஒரு திருத்தம் போதும். பாதியை இப்பவே அனுப்பறேன். முடியாதுன்னா சொல்லுங்க, வருத்தமில்லை" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நிமிடத்துக்குப் பிறகு வரும் 'சரி'யைத்தான் நான் சம்மதம் என்பேன்.

இதை வாசிப்பவர்களில் சிலர் சீக்கிரமே முதல் புத்தகம் போடுவீர்கள். பட்ஜெட் எழுதும்போது அட்டைக்கான வரியைக் கடைசியில் மிச்சம் இருக்கும் காசுக்கு விடாமல், அச்சுக்கூலிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.