அப்பா மறைத்த மூக்கு

குழந்தைகள் படத்தில் வரும் வில்லன்களைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. 1969-இல் வந்த 'ஃப்ராஸ்டி தி ஸ்னோமேன்' படத்தில் ஹிங்கிள் என்ற மந்திரவாதி, பனிமனிதனுக்கு உயிர் கொடுத்த தொப்பியைப் பிடுங்கத் துரத்திக்கொண்டே வருகிறான். 1970-இல் வந்த 'சாண்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்' படத்தில் பர்கர்மைஸ்டர் என்ற ஊர்த்தலைவன் ஒரு பொம்மையில் கால் இடறி விழுகிறான். அந்தக் கோபத்தில் ஊரிலேயே பொம்மைக்குத் தடை போட்டுவிடுகிறான். இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் முடிந்தால் அவர்களும் போய்விடுவார்கள். என்னை உறுத்துவது நல்லவர்கள் செய்யும் கொடுமை. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் 'ருடால்ஃப் தி ரெட்-நோஸ்டு ரெய்ன்டீர்' படத்தில்தான் வந்து நிற்கிறேன்.

ராங்கின்–பாஸ் நிறுவனம் தயாரித்த இந்தப் படத்தை 1964 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி முதன்முதலாக ஒளிபரப்பியது. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் வேலை ஜப்பானில், டாடஹிட்டோ மோச்சினாகாவின் கூடத்தில் நடந்தது. அறுபது வருடம் தாண்டியும் டிசம்பர் வந்தால் போடுகிறார்கள். இனிமையான படம், பாட்டுகளும் இனிமை. அதற்குள்தான் இதெல்லாம் நடக்கிறது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் பனிமான்களில் ஒருவர் டானர். அவருக்குப் பிறக்கும் ருடால்ஃபின் மூக்கு சிவப்பாக எரிகிறது. பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தா, இது இப்படியே இருந்தால் என் வண்டியில் இடமில்லை என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். பிறந்த குழந்தையின் முகத்துக்கு எதிரே சொல்கிறார். அவர் போனதும் டானர் சேற்றை எடுத்து மகனின் மூக்கில் அப்புகிறார். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் கறுப்பு நிறத்தில் ஒரு பொய்மூக்கு. அதை மாட்டினால் பேச்சு மூக்கடைத்த மாதிரி வருகிறது. வசதியாக இல்லையே என்கிறான் பையன். வசதியைவிடப் பெரியது சுயமரியாதை என்று அப்பா பதில் சொல்கிறார்.

நான் பலமுறை யோசித்தது இந்த இடத்தைத்தான். டானருக்கு மகன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். அந்த நாலு பேரில் முதல் ஆள் தான் வேலை பார்க்கும் இடத்து முதலாளி. தன் பயத்தை எடுத்து மகனின் முகத்தில் மாட்டிவிட்டு, அதற்குச் சுயமரியாதை என்று பெயரும் வைக்கிறார். வில்லன் எதைப் பறித்தாலும் திரும்ப வாங்கிவிடலாம். நம்மை நேசிப்பவர் கையால் வாங்கிய அவமானத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

குட்டி மான்களின் விளையாட்டில் ருடால்ஃப் எல்லோரையும்விட நன்றாகப் பறக்கிறான். துள்ளி விளையாடும்போது பொய்மூக்கு கழன்று விழுந்துவிடுகிறது. அதுவரை பாராட்டிய பயிற்சியாளர் காமெட், இனி இவனை எந்த ஆட்டத்திலும் சேர்க்கக் கூடாது என்று பிள்ளைகளைக் கூட்டிச் சொல்கிறார். தாத்தா டானரைத்தான் கடிந்துகொள்கிறார். உனக்கு வெட்கமாக இல்லையா என்கிறார். ருடால்ஃபின் தோழி கிளாரிஸின் அப்பா, சிவப்பு மூக்குக்காரனோடு என் மகள் பழகக் கூடாது என்கிறார். குழந்தைகள் சிரித்துக் கேலி செய்தது ஒரு கணம்தான். அதைச் சட்டமாக்கியவர்கள் பெரியவர்கள்.

எங்கள் வீட்டில் இதைப் பார்த்தபோது என் மகள் கேட்டாள்: "அவன் மேல தப்பே இல்லையேம்மா, அப்புறம் ஏன் அவங்க அப்பா மறைக்கிறாரு?" அவர் செய்தது தப்பு என்றேன். "தாத்தா சொன்னது?" அதுவும் தப்பு என்றேன். கிறிஸ்துமஸ் தாத்தா தப்பு செய்வார் என்பதை ஏற்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

இந்தக் கதை முதலில் இப்படி இல்லை. சிகாகோவின் மாண்ட்கோமரி வார்டு நிறுவனம் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக 1939-இல் ராபர்ட் மே எழுதிய கதை அது. சிறுவயதில் தானும் கேலிக்கு ஆளானவர் மே. கதை உருவான அந்த வருடமே அவர் மனைவி புற்றுநோயால் இறந்தார். சின்னஞ்சிறு மகள் ஒருத்தி இருந்தாள். அவர் எழுதிய ருடால்ஃபை மற்ற குட்டிகள் கேலி செய்கின்றன. ஆனால் பெற்றோர் அவனை நினைத்து வெட்கப்படவில்லை, அன்பாகத்தான் வளர்க்கிறார்கள். வெட்கப்படும் தகப்பனைக் கொண்டுவந்தது 1964-இன் திரைக்கதை. எழுதியவர் ரோமியோ முல்லர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெருவில் நடப்பதை வீட்டுக்குள்ளும் நடப்பதாக எழுத அவருக்குத் துணிவு இருந்திருக்கிறது.

உபயோகப்பட்டால்தான் உன்னைச் சேர்த்துக்கொள்வோம் என்பதுதான் இந்தப் படத்தின் பாடம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஜானி மார்க்ஸ் எழுதி 1949-இல் ஜீன் ஆட்ரி பாடிய பாட்டைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். படத்திலும் அந்த வாடை இருக்கிறது. வீட்டை விட்டு ஓடிப்போன மகனைத் தேடிப் போன டானர் மாதக்கணக்கில் திரும்பவில்லை என்று தாத்தா கவலைப்படும்போது, அவர் சொல்லும் காரணம் டானர் இல்லாமல் வண்டி கிளம்பாது என்பது. ஆனாலும் படத்தில் நிகழ்ச்சிகள் வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். ருடால்ஃப் வீடு திரும்புகிறான், பட்ட கஷ்டத்தைச் சொல்கிறான், பெரியவர்கள் வருந்துகிறார்கள், டானர் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறார். புயலால் பயணம் நடக்காது என்ற முடிவும், இந்த மூக்கு வழிகாட்டும் என்ற யோசனையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த ஒரு வரிசைக்காகவே இந்தப் படத்தை நான் கைவிடவில்லை. குறை என்று பார்த்தால், அந்த மன்னிப்பு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

பார்ப்பவர்கள் இதையெல்லாம் கவனிக்காமல் விடுவதும் இல்லை. யாரும் விரும்பாத பொம்மைகள் ஒதுங்கி வாழும் தீவு ஒன்று கதையில் வருகிறது. அவற்றுக்கு வீடு தேடித் தருவதாகத் தாத்தா வாக்குக் கொடுக்கிறார். 1964-இல் ஒளிபரப்பான படத்திலோ அவர் அங்கே போகும் காட்சியே இல்லை. சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று புகார்கள் வந்தன. அடுத்த வருடம் புதுக் காட்சி எடுத்துச் சேர்த்தார்கள்.

இந்த டிசம்பரில் பிள்ளைகளோடு இதைப் பார்க்க உட்கார்ந்தால், அந்த மன்னிப்புக் காட்சியில் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அப்பா செய்தது தப்பு, அதனால் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த மூக்கால் யாருக்கும் உபயோகம் உண்டா என்று தெரிவதற்கு முன்பே கேட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.