சத்தம் போடுகிற பம்ப்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்று ஒன்று உண்டு. வண்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே. மொட்டை மாடி டேங்க் வைக்க வழியில்லை. அதனால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன பம்ப். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்ப் தானே ஓடும்; மூடினால் அழுத்தம் ஏறித் தானே நிற்கும்.

மிச்சிகனில் இருக்கும் என் தங்கை பையன் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினான். முதல் ராத்திரியே தொல்லை. எல்லாக் குழாயும் மூடியிருக்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பம்ப் 'டுர்ர்' என்று உறுமி அடங்கியது. 'பம்ப் போச்சு' என்று புதுசு மாட்டினான். புதுசும் ராத்திரி 'டுர்ர்'.

அப்புறம்தான் விவரம் தெரிந்தவர் ஒருத்தர் சோதனை சொல்லிக்கொடுத்தார். பம்ப்பிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பார். அப்போதும் விட்டு விட்டு ஓடினால் குற்றம் பம்ப் மேல். உள்ளே தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வ் பழுது. அமைதியானால் கசிவு வேறெங்கோ. பம்ப் அமைதியானது. பலகையைப் பெயர்த்தால், சிங்க்குக்கு அடியில் ஓர் இணைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தரைப்பலகை ஊறி உப்பியிருந்தது. பாவம், பம்ப் அத்தனை நாளும் சொன்னது அதைத்தான்.

போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு கிளார்க் இருந்தார். மாசாமாசம் ஸ்டோர்ஸ் பில்லோடு வந்து நிற்பார். "ஸார், இது டேலி ஆகலையே." தொணதொணப்பு தாங்காமல் வெளியூருக்கு மாற்றினோம். கையெழுத்து என்னுடையது. அவர் இடத்துக்கு வந்த பையன் மூன்றாம் மாசமே அதே பில்லோடு வந்து நின்றான். "ஸார், இது டேலி ஆகலையே."

ஏன் இப்படிச் செய்கிறோம்? சத்தம் காதில் விழுகிறது. கசிவு பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது. பம்ப்பை மாற்ற நாலு ஸ்குரூ போதும். பலகையைப் பெயர்த்தால், அந்த இணைப்பைச் சரியாக முறுக்காமல் விட்டது யார் என்று தெரிந்துபோகும். அந்த பில்களைப் பாஸ் பண்ணியது நான்தான்.

குறை சொல்கிறவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பம்ப்பும் கெட்டுப்போகும்தான். ஆனால் கழற்றி எறிவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

தங்கை பையன் பழைய பம்ப்பைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டான். புதுசு உபரியாக இருக்கிறது. பம்ப்புக்கு நியாயம் செய்வது சுலபம். அந்த கிளார்க் மூன்று வருஷம் குடும்பத்தைப் பிரிந்து வெளியூரில் கிடந்தார். கசிவை அடைத்தோம், அவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ரிடையராகி எங்கேயோ இருக்கிறாராம். விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன்.