விரலுக்கு மட்டுமா மதிப்பெண்?

மருத்துவமனையில் ஆணின் கூச்சத்துக்கும் பெண்ணின் கூச்சத்துக்கும் ஒரே மரியாதை கிடைக்கிறதா? இந்தக் கேள்வியைப் புராஸ்டேட் சோதனையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பெண்கள் படிக்கும் தொகுப்பில் ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது.

நான் படித்த கல்லூரியில், அறுவை சிகிச்சை வார்டில் வயதான ஒருவருக்கு ஆசனவாய் வழியாக விரல்விட்டுப் புராஸ்டேட்டைச் சோதிக்கும் நேரம் வந்தால், "பொண்ணுங்க கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா" என்பார்கள். திரையை இழுத்துவிடுவார்கள். பிரசவ வார்டிலோ ஆண் மாணவர்கள் வரிசையாக நின்று உள்சோதனை பழகினார்கள். வலியில் கிடந்த பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. ஆணின் வெட்கம் காக்கப்பட்டது, பெண்ணின் வெட்கம் பாடத்துக்கு இடைஞ்சலாகக் கருதப்பட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். யோசித்தால் அதுகூட முழு உண்மையில்லை. மாணவிகள் நிற்கலாமா என்று அந்தப் பெரியவரிடமும் யாரும் கேட்கவில்லை. அவருக்காக வேறு ஆண்கள் முடிவெடுத்தார்கள். இரண்டு வார்டிலும் கட்டிலில் கிடந்தவருக்கு வாய் இல்லை.

அந்தத் திரையின் விளைவை இன்று ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே வேலை பார்க்கும்போது உணர்கிறேன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில் ஆயுளைக் கழித்த ஆண்கள் வருவார்கள். பேசுவது கூட வந்த மனைவிதான். "ராத்திரி ஆறேழு தடவை எந்திரிக்காக, டாக்டரம்மா. போனாலும் சொட்டுச் சொட்டாத்தான் வருதாம்." கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எழும்போதெல்லாம் அவளும் எழுகிறாள் என்பது எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை.

இந்தச் சோதனையில் விரல் தேடுவது என்ன? இயல்பான சுரப்பி ஏறக்குறைய வால்நட் கொட்டை அளவு. நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். கையை லேசாக மூடி, கட்டைவிரலின் அடிச்சதையை அழுத்திப் பாருங்கள். தொட்டால் அப்படித்தான் இருக்கும். விரல் முட்டியைப் போலக் கெட்டியாக ஏதேனும் தென்பட்டால் சந்தேகப்பட வேண்டும். இதை மட்டும் வைத்துப் புற்றுநோய் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது, பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை என்று மேலே போக வேண்டும். ஆனால் இந்த மென்மையும் கெட்டியும் படித்து வருவதில்லை, தொட்டுத்தான் வரும். திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவளுக்கு அது எப்படி வரும்?

2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், புராஸ்டேட் சோதனையைப் பொம்மையிலோ அதற்கு இணையான ஒன்றிலோ செய்துகாட்டக் கற்க வேண்டும் என்கிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் அறிமுகப்படுத்திய 'ஆஸ்கி' முறைத் தேர்வில், மேசைக்கு மேசை நகர்ந்து, பட்டியல்படி ஒவ்வொரு செயலையும் செய்துகாட்டினால் மதிப்பெண். இதை நான் வரவேற்கிறேன். ஏழை நோயாளியின் உடம்பைப் பாடப்புத்தகமாகப் புரட்டிய காலத்துக்கு இது நல்ல மாற்று. மாணவியை வெளியே அனுப்பவும் இங்கே காரணமில்லை.

ஆனால் பொம்மை மறுக்காது. "அய்யா, சோதிக்கலாமா?" என்று பிளாஸ்டிக்கிடம் ஒப்பித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விரலை நுழைக்கலாம், 'சம்மதம் பெற்றார்' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். வேண்டாம் என்ற பதிலுக்கு இடமில்லாத கேள்வி வெறும் சடங்குதான்.

சம்மதத்தின் எல்லையைச் சட்டத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. நோயறியும் சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த சமீரா கோலியின் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. மயக்கத்தில் இருக்கும் பெண்களிடம் மாணவர்கள் உள்சோதனை பழகுவதற்கு எதிராக அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, 2024-இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. மார்பக, இடுப்புச் சோதனைகளோடு புராஸ்டேட், ஆசனவாய்ச் சோதனைகளுக்கும் முன்சம்மதம் வேண்டும் என்கிறது அது. பெண்கள் கேட்ட நியாயம் ஆண்களையும் காக்கிறது.

எல்லோரும் மறுத்துவிட்டால் மாணவர்கள் எங்கே கற்பது? நியாயமான கேள்வி. என் அனுபவத்தில், முகம் பார்த்துக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். மறுப்பவருக்கு ஆண் மருத்துவரை ஏற்பாடு செய்ய முயல்கிறேன். 1970-களிலேயே அமெரிக்காவில் பயிற்சி பெற்ற பெண்கள், ஊதியம் பெற்றுக்கொண்டு, தங்கள் உடலிலேயே சோதனை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். வலித்தால் சொன்னார்கள், வேண்டாமென்றால் நிறுத்தச் சொன்னார்கள். பின்னர் ஆண்களும் அப்படிக் கற்பிக்க முன்வந்தார்கள்.

ஆகவே தேர்வில் ஒரு மேசையில் பொம்மை இருக்கட்டும். அடுத்த மேசையில், நோயாளியாக நடிக்கும் ஒருவர் "வேண்டாம்மா" என்று சொல்லட்டும். கையை எடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, மற்ற வழிகளை விளக்கும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மகப்பேறு தேர்விலும் இதே மேசை வேண்டும்.

2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, நம் ஊர்ப் பெண்கள் மாவட்டத்துக்குள்ளேயே டாக்டருக்குப் படிக்க முடிகிறது. எங்கே படித்தாலும் சரி, திரைக்கு வெளியே நிற்கச் சொன்னால், "அய்யாகிட்ட கேட்டீங்களா சார்?" என்று கேளுங்கள். பிரசவ வார்டில் திரைக்கு உள்ளே அழைத்தால், "அக்காகிட்ட கேட்டீங்களா?" என்றும் கேளுங்கள்.