மூளை இல்லாத உயிரும் நம் அறமும்

ஆசிரியப் பணியின் தொடக்க நாள்களில், பயிற்சியில் கற்றவாறே ஹைட்ராவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து அதன் நரம்பு வலையை விளக்கினோம். "அதை வெட்டினால் வலிக்காதா, டீச்சர்?" என்று ஒரு மாணவி வினவினாள். "மூளை இல்லாததற்கு வலி ஏது?" என்று கூறி, அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டோம். அவ்விடை சரிதானா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

ஹைட்ராவும் இழுதுமீனும் ஓரினத் தொகுதியைச் சார்ந்தவை. இவற்றிற்கு நம்மைப் போன்ற மூளை இல்லை. நரம்பணுக்கள் உடலெங்கும் வலைபோல் பரவியுள்ளன. 1870களில் ஜார்ஜ் ரோமானஸ் என்னும் அறிஞர், ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இழுதுமீன்களின் குடைவிளிம்பை அறுத்து நீக்கி ஆராய்ந்தார். சில இனங்களில் துடிப்பு அடியோடு நின்றது. துடிப்பைத் தூண்டும் நரம்பமைப்பு விளிம்பில் உள்ளது என்பது தெளிவாயிற்று.

2017ஆம் ஆண்டில் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காசியோபியா என்னும் இழுதுமீன் உறங்குவதைக் கண்டனர். இரவில் அதன் துடிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரவுறக்கத்தைக் கலைத்தால் மறுநாள் சோர்ந்து கிடக்கிறது.

கரீபியன் பகுதி அலையாத்திக் காடுகளில் வாழும் சிறு பெட்டி இழுதுமீனுக்கு 24 கண்கள் உண்டு. வேர்களில் மோதாமல் நீந்த அவை உதவுகின்றன. 2023இல் வெளிவந்த ஆய்வில், வேர்கள்போல் மங்கலான கோடுகள் தீட்டிய தொட்டியில் அதனை விட்டனர். முதலில் மோதியது, ஏழரை நிமிடங்களுக்குள் மோதல்கள் பாதியாகக் குறைந்தன. பட்டறிந்து கற்றுக்கொண்டது! கற்றல் எங்கு நிகழ்கிறது என்று காண, கண்கள் அமைந்த உறுப்பைத் தனியே அறுத்தெடுத்தும் சோதித்தனர்.

உறங்குவதும் கற்பதும் வலியுணர்வுக்குச் சான்றாகா. இதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், "மூளை இல்லை, ஆகவே ஒன்றும் இல்லை" என்ற நம் பழைய வாதம் நிற்கவில்லை. மூளையின்றி உறக்கமும் கல்வியும் கூடுமெனில், வலி மட்டும் கூடாது என்று எவ்வாறு அறுதியிட்டுக் கூறுவது?

"ஐயமே போதுமெனில் கீரையையும் கிள்ள இயலாதே" என்று சிலர் கேட்கலாம். சமண அறம் இதனை எண்ணாமல் இல்லை. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்த பெரியோர், இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையை இல்லறத்தார்க்கு விரதமாக்கினர். ஓரறிவுயிர்க்குச் செய்யும் தீங்கையும் இயன்றவரை குறைக்கப் பணித்தனர். அவ்வகுப்பு நம் கவனத்தின் அளவைக் காட்டுவது. கீழ்ப்படியில் உள்ளதைத் துன்புறுத்த உரிமை தருவதன்று.

ஆய்வே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உறங்கவிட்டும் நீந்தவிட்டும் அறியக்கூடியவை எத்துணை என்பதை மேற்கண்ட ஆய்வுகளே காட்டுகின்றன. கத்தியை எடுக்குமுன், வேறு வழி உண்டா என்று கேட்பது ஆய்வாளர் கடன். அவ்வாறு கேட்கப் பழக்குவது ஆசிரியர் கடன்.

அம்மாணவி இன்று வந்து அதே வினாவைக் கேட்டால், "உறுதியாகத் தெரியாது, அம்மா. தெரியாதபோது வெட்டாமல் இருப்போம்" என்றே விடை கூறுவோம். அன்று அதனைக் கூறாமல் போனது நம் பிழையே.